1998 ஒரு ரூபாயில் ஆண்டு எண் இரண்டாகத் தெரிகிறது, இது டபுள் டையா?

சில்லறைப்பை:
வணக்கம் எல்லோருக்கும். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய காசு பரப்பி வைத்திருக்கும் ஒருவரிடம் இந்த ஒரு ரூபாயை வாங்கினேன். 1998, ஆண்டுக்குக் கீழே சின்னப் புள்ளி, அதாவது நொய்டா மிண்ட் (நாணயச் சாலை). பெரிய சைஸ் ஸ்டீல் காசு, 25 மில்லிமீட்டர் இருக்குமே, அதுதான். கடைக்காரர் 'டபுள் டை, கிடைக்கவே கிடைக்காது' என்று 800 ரூபாய் சொன்னார், பேசிப் பேசி 350க்கு வந்தது. ஆண்டு எண் நான்குக்கும் வலது பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு எண் தெரிகிறது. ருபீ என்ற ஆங்கில எழுத்துகளிலும் அப்படியே. சிங்கம் இருக்கும் பக்கத்தில் ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருக்கிறது. லூப்பின் (உருப்பெருக்கிக் கண்ணாடி) மேல் போனை வைத்து எடுத்த மூன்று படம் போட்டிருக்கிறேன். வீடியோக்களில் பார்த்தால் ஒருவர் லட்சக்கணக்கில் போகும் என்கிறார், இன்னொருவர் ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய்தான் என்கிறார். எதை நம்புவது?

முத்தியால்பேட்டை_7:
ஸ்ட்ரைக் டபுளிங். படத்தைப் பார்த்த உடனே தெரிகிறது. 350 போனது போனதுதான் தம்பி.

சில்லறைப்பை:
சரி அண்ணே, ஆனால் எப்படித் தெரிகிறது என்று சொன்னால்தானே அடுத்த தடவை எனக்கு உதவும்? எல்லா இடத்திலும் 'பார்த்த உடனே தெரிகிறது' என்றே சொல்கிறார்கள்.

கெடிலக்கரை:
தம்பி கேட்பது நியாயம். நான் பிரஸ் டூல் வேலையில் இருந்தவன், காசு சேர்ப்பது பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம், அதனால் டை, அதாவது காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சு, அதன் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

எழுத்து இரண்டாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது எப்போது இரண்டானது என்பதுதான் கேள்வி. டை தயாராகும்போதே இரண்டானதா, காசு அடிபடும் அந்த நொடியில் ஆனதா, இல்லை டை ஓடி ஓடித் தேய்ந்த பிறகு அப்படி ஆனதா. ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவரே எழுத்தை இரண்டு தடவை வெட்டிவிட்டால் அந்த ஸ்டாம்ப் குத்திய காகிதம் அத்தனையும் இரண்டாகவே விழும், நல்ல ஸ்டாம்பைக் கை ஆடிக் குத்தினால் அந்த ஒரு காகிதம்தான் கெடும். முதலாவது டபுள் டை, இரண்டாவது உங்கள் கையில் இருப்பது.

டபுள் டை எப்படி வருகிறது என்று பாருங்கள். காசில் மேடாக இருப்பது டையில் பள்ளமாக இருக்க வேண்டும். அந்தப் பள்ளத்தை உண்டாக்க ஹப் என்று ஒன்று வைத்திருப்பார்கள், அதில் எல்லாம் காசில் இருப்பது போலவே மேடாக இருக்கும். மென்மையான டை இரும்பில் ஹப்பை வைத்து அழுத்துவார்கள். ஒரே அழுத்தில் முழு ஆழம் வராது, ஏனென்றால் குளிர்ந்த இரும்பை அழுத்த அழுத்த அது இறுகிப் போகும், அதற்கு மேல் இறங்காது. அதனால் டையை எடுத்து, உலையில் சூடு காட்டி மெதுவாக ஆறவிட்டு இளக்கி, மறுபடியும் அதே ஹப்பை அதே இடத்தில் வைத்து அழுத்த வேண்டும். அந்த 'அதே இடம்' கொஞ்சம் தவறினால், ஒரு டிகிரி திரும்பினாலும் போதும், டையில் இரண்டு உருவம் நிலையாகப் பதிந்துவிடும். பிறகு அந்த டை உடைகிற வரைக்கும் அது அடிக்கிற ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை, அதே இடத்தில், அதே அளவில் வரும்.

ஸ்ட்ரைக் டபுளிங் வேறு. மெஷின் டபுளிங் என்றும் சொல்வார்கள். இங்கே டையில் ஒரு குறையும் கிடையாது. காசு சரியாகவே அடிபடுகிறது. அடித்து முடித்து டை மேலே எழும்பும் நேரத்தில், டை பிடிப்பில் லேசாக ஆட்டம் இருந்தால் டை பக்கவாட்டில் இழுபட்டு, அப்போதுதான் உருவான எழுத்தின் ஒரு ஓரத்தை வழித்துத் தள்ளிவிடும். அந்த ஓரம் தட்டையாகி, காசின் தரையை ஒட்டி ஒரு படிக்கட்டு மாதிரி நிற்கும். உங்கள் படத்தில் 9-க்கு வலது பக்கம் தெரிவது அந்தப் படிதான். பளபள என்று, தட்டையாக, ஒரே உயரத்தில் இருக்கிறது பாருங்கள். டபுள் டையில் இரண்டாவது உருவமும் உருண்டு திரண்டு, தனக்கென்று மேடு பள்ளத்தோடு இருக்கும்.

சில்லறைப்பை:
தட்டையா உருண்டையா என்பது எனக்குப் பிடிபடவில்லை. லூப்பில் பார்த்தால் எல்லாமே பளபள என்றுதான் இருக்கிறது.

கெடிலக்கரை:
அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதே மாதிரி இன்னொரு ஒரு ரூபாய் எடுங்கள், 1998 கிடைக்காவிட்டால் முன்பின் வருடம் பரவாயில்லை, டிசைன் ஒன்றாக இருந்தால் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தின் அகலத்தைப் பாருங்கள். ஸ்ட்ரைக் டபுளிங்கில் புதிதாக எதுவும் சேர்வதில்லை, இருந்த எழுத்திலிருந்துதான் ஒரு பகுதி தட்டையாகிறது. அதனால் மேலே நிற்கும் எழுத்து சாதாரணக் காசில் இருப்பதைவிட மெலிந்திருக்கும். எழுத்தையும் படியையும் சேர்த்துக் கூட்டினால்தான் பழைய அகலம் வரும். டபுள் டையில் நேர் எதிர். ஒவ்வொரு உருவமும் முழு அகலத்தில் இருக்கும், இரண்டும் சேர்ந்து எழுத்தையே தடிமனாக்கியிருக்கும்.

வெளிச்சம் ரொம்ப முக்கியம். லூப்பில் வட்டமாக எல்இடி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். எல்லாப் பக்கமிருந்தும் ஒளி விழுந்தால் எழுத்தின் இரண்டு ஓரமும் மின்னி, நல்ல காசே இரண்டாகத் தெரியும். ஒரே ஒரு டேபிள் விளக்கு, பக்கவாட்டில், தாழ்வாக. காசை மெதுவாகச் சுற்றுங்கள். தட்டையான படி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கண்ணாடி போல மொத்தமாக ஒரே சமயத்தில் பளிச்சென்று அடிக்கும், அடுத்த கோணத்தில் மொத்தமாக இருண்டுவிடும். உருண்ட மேடு அப்படிச் செய்யாது, வெளிச்சம் அதன் மேல் வழுக்கிக்கொண்டே போகும்.

நெல்லிக்குப்பம்_கல்லா:
இந்த விளக்கு விஷயத்தை எல்லோரும் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே வருகிற கேள்விகளில் பாதிக்குக் காரணமே போன் கேமராதான். கை லேசாக ஆடினால் படத்திலேயே இரண்டு. அது போதாதென்று போனே ஓரங்களைக் கூர்மையாக்கி எழுத்துக்கு ஒரு கோடு போட்டுவிடுகிறது.

மரக்காணம்:
அமெரிக்கக் காசு சேர்ப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். டபுள் டை என்றதும் உலகம் முழுக்க எல்லோரும் காட்டுவது 1955 லிங்கன் ஒரு சென்ட். ஃபிலடெல்ஃபியா மிண்டில் இரவு ஷிஃப்டில் அந்த டை ஓடியிருக்கிறது. கண்டுபிடிப்பதற்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட காசு நல்ல காசுகளோடு கலந்துவிட்டது. கலந்ததைப் பிரிக்க வேண்டுமானால் லட்சக்கணக்கில் நல்ல காசையும் சேர்த்து உருக்க வேண்டும் என்பதால் அப்படியே வெளியே விட்டுவிட்டார்கள். அதில் நிறைய, சிகரெட் பாக்கெட்டுக்குள் மீதிச் சில்லறையாகப் போட்டு விற்றதில் மக்கள் கைக்கு வந்தது. ஆண்டு எண்ணும் விளிம்பை ஒட்டிய வாசகங்களும் லூப் இல்லாமலே இரண்டாகத் தெரியும். லிங்கன் முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஏனென்றால் ஹப் திரும்பியது மையத்தைச் சுற்றி, மையத்திலிருந்து தள்ளிப் போகப் போகத்தான் விலகல் பெரிதாகும். இன்றைக்குத் தேய்ந்த காசே ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது.

அதே வருடத்தில் இன்னொரு காசும் உண்டு, 'ஏழையின் டபுள் டை' என்று பெயர். கடைசி 5 மட்டும் லேசாக இரட்டையாக இருக்கும். அது வெறும் டை தேய்மானம். தெரியாதவர்களிடம் அதைத்தான் இதென்று சொல்லி விற்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1969-எஸ் சென்ட். அந்தக் காலத்தில் ஆண்டு எண் எல்லாம் ஹப்பில் இருக்கும், ஆனால் மிண்ட் எழுத்தான எஸ்-ஐ மட்டும் டை தயாரான பிறகு கையால் தனிப் பஞ்ச் வைத்து அடிப்பார்கள். அதனால் உண்மையான டபுள் டையில் ஆண்டும் வாசகங்களும் இரண்டாக இருக்கும், எஸ் மட்டும் ஒற்றையாக இருக்கும். எஸ்-ம் சேர்ந்து இரட்டையாக இருந்தால் ஸ்ட்ரைக் டபுளிங் என்று யோசிக்காமல் ஒதுக்கிவிடலாம். அந்த வருடத்தில் அப்படிப்பட்டவை ஏராளம்.

சில்லறைப்பை:
அப்படியென்றால் என் காசில் நொய்டா புள்ளியைப் பார்க்கலாமா? புள்ளிக்கும் வலது பக்கம் ஒரு சின்ன வால் இருக்கிறது.

மரக்காணம்:
எஸ் கதையை அப்படியே நம் காசுக்குப் பொருத்தக் கூடாது. மிண்ட் குறி தனியாக அடிக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்த காசுக்குத்தான் அந்தச் சோதனை செல்லும். அமெரிக்காவிலேயே பிறகு மிண்ட் எழுத்தை மாஸ்டர் டையில், அதாவது மற்ற டைகளுக்கெல்லாம் மூலமான அச்சில், சேர்த்துவிட்டார்கள், அதற்குப் பிந்தைய காசுகளில் இது பயன்படாது.

கெடிலக்கரை:
ஆனாலும் அந்த வால் வேறு ஒன்றைச் சொல்கிறது. புள்ளி வட்டமாக இருக்க வேண்டியது. டபுள் டை என்றால் இரண்டு வட்டம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நடுவில் இடுப்பு மாதிரி ஒரு ஒடுக்கம் தெரிய வேண்டும். உங்கள் படத்தில் புள்ளி முட்டை வடிவத்தில் இழுபட்டு, வால் பக்கம் தாழ்ந்து தரையோடு கலக்கிறது. எண்களில் படி எந்தத் திசையோ வாலும் அதே திசை. வழித்துக்கொண்டு போன தடம் அது.

எழுத்து மூலைகளையும் பாருங்கள். டபுள் டையில் எழுத்தின் மூலை பிளந்து மீன் வால் போல ஒரு வெட்டு தெரியும். நம் காசின் ஆங்கில எழுத்துகளுக்கு முனையில் பாதம் கிடையாது என்பதால் அது அவ்வளவு தெளிவாக வராது. அதற்குப் பதில் இந்தி எழுத்தின் தலைக்கோட்டைப் பார்க்கலாம். அந்த நீளக் கோட்டின் இரண்டு நுனியிலும் பிளவு இருக்கிறதா, கோடு நீண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சில்லறைப்பை:
பார்த்துவிட்டேன். கடையில் சில்லறை வாங்கியதில் அதே டிசைனில் 1997 ஒன்று கிடைத்தது, பக்கத்தில் வைத்து எடுத்த படம் இதோ. என் காசில் 9-ன் கால் பாதி தடிமன்தான் இருக்கிறது. தலைக்கோட்டு நுனியில் பிளவு எதுவும் இல்லை. டேபிள் விளக்கில் சுற்றினால் நான்கு எண்ணின் படியும் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைகிறது. ஆக 350 ரூபாய்க்கு ஒரு பாடம். கடைக்காரரிடம் திருப்பிக் கேட்கலாமா?

முத்தியால்பேட்டை_7:
ஞாயிற்றுக்கிழமை போய் கேட்டுப் பாருங்கள், அந்த இடத்தில் அன்று செருப்புக் கடை இருக்கும்.

விளையாட்டு இருக்கட்டும். ஸ்ட்ரைக் டபுளிங்கும் ஒரு எரர்தானே, அதற்கு ஏன் விலையே இல்லை என்கிறீர்கள்? மிண்டில் நடந்த தவறுதான் அது. நான் சிலதை 30, 50 என்று விற்றிருக்கிறேன், வாங்குகிறவர்களுக்கும் விஷயம் தெரியும்.

கெடிலக்கரை:
தெரிந்து 30 ரூபாய் கொடுத்து வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? பெயர் மாற்றி விற்பதைத்தான் சொல்கிறேன். ஆட்டம் கண்ட பிரஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் இப்படி விழும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருக்கும். நம் தொண்ணூறுகளின் ஸ்டீல் காசில் இது கொட்டிக் கிடக்கிறது. அபூர்வம் என்பதற்கு அங்கே இடமில்லை.

பாகூர்_ஏரி:
நான் வேறு கேள்வி. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்த செப்பு டூடூ ஒன்று என்னிடம் இருக்கிறது, ஒரு பக்கம் லில்லிப் பூ, மறு பக்கம் தமிழில் ஊர்ப்பெயர். லில்லிப் பூவின் இதழ்கள் இரண்டு ஜோடி தெரிகிறது, ஒன்று அழுத்தமாக, ஒன்று நசுங்கினது போல. தமிழ் எழுத்துப் பக்கம் ஒற்றையாகத்தான் இருக்கிறது. இது டபுள் டையா? மேலே தம்பிக்குச் சொன்ன சோதனைப்படி பார்த்தால் பூ தடிமனாகத்தான் இருக்கிறது.

கெடிலக்கரை:
அருமையான காசு, முதலில் அதைப் புளி போட்டுத் தேய்க்காமல் இருக்கிறீர்களா என்று சொல்லுங்கள்.

டூடூவுக்கு டபுள் டை என்ற பேச்சே கிடையாது. ஹப் இருந்தால்தானே ஹப் விலகும்? அந்தக் காசுகளுக்கு அச்சைக் கையால் வெட்டினார்கள், சம்மட்டியால் அடித்தார்கள். உங்களிடம் இருப்பது இரட்டை அடி. கீழ் அச்சு பட்டறையில் ஊன்றியிருக்கும், மேல் அச்சைக் கையில் பிடித்து அடிப்பார்கள். முதல் அடி சரியாக விழவில்லை என்று இன்னொரு அடி போடும்போது மேல் அச்சு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. காசு கீழ் அச்சுப் பள்ளத்தில் உட்கார்ந்தபடியே இருந்ததால் அந்தப் பக்கம் நகரவில்லை. உங்கள் காசில் லில்லிப் பூ மேல் அச்சில் இருந்தது, தமிழ் கீழே இருந்தது என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம். நசுங்கிய இதழ் முதல் அடி, அழுத்தமானது இரண்டாவது அடி. பின்னால் விழுந்த அடி முன்னால் விழுந்ததை நசுக்கும். டபுள் டையில் ஒன்றை ஒன்று நசுக்கிய அடையாளம் இருக்காது.

பாகூர்_ஏரி:
புளியெல்லாம் போடவில்லை சார், வாங்கியபடியே இருக்கிறது. அப்படியானால் மெஷின் காசில் இரட்டை அடி விழுந்தால் எப்படி இருக்கும்?

மரக்காணம்:
அது பார்த்த உடனே தெரிகிற ரகம், அதில் யாருக்கும் சண்டை வராது. அடித்த காசு வெளியே போகாமல் சிக்கிக்கொண்டு மறுபடி அடி வாங்கும். பெரும்பாலும் நகர்ந்து போயிருக்கும், அதனால் இரண்டாவது அடி காசின் ஓரத்தில் பிறை போல விழுந்து, வட்டமே கோணலாகிவிடும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டிருக்கும். இந்திய எரர்களில் நல்ல விலை போவது இதுதான், டபுள் டையைத் தேடி அலைவதைவிட இதைத் தேடலாம்.

அமெரிக்கச் சென்ட் யாரிடமாவது இருந்தால் இன்னொன்று. 1982க்குப் பிறகு வந்த சென்ட் உள்ளே துத்தநாகம், மேலே மெல்லிய செப்புப் பூச்சு. அடிபடும்போது எழுத்தின் ஓரத்தில் பூச்சு கிழிந்து, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரியும். அதையும் இரட்டை என்று அனுப்புகிறார்கள். நிறத்தைப் பார்த்தாலே போதும்.

நெல்லிக்குப்பம்_கல்லா:
இப்போது என் முறை. கல்லாவில் உட்காருகிறேன் என்பதால் காசு நிறையக் கண்ணில் படும். பழைய இரண்டு ரூபாய், பதினொரு மூலை உள்ளது, இந்திய வரைபடமும் கொடியும் போட்டு தேசிய ஒருமைப்பாடு என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்குமே, அதில் ஒரே வருடம், ஒரே மிண்ட் குறி, இரண்டு காசு எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஆங்கில எழுத்துகள் விளிம்புப் பக்கம் இரண்டாக இருக்கின்றன. அண்ணன் சொன்னபடி ஸ்ட்ரைக் டபுளிங் என்றால் காசுக்குக் காசு மாற வேண்டும், இவை இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி. எழுத்தும் மெலியவில்லை, தடித்துத்தான் இருக்கிறது. படி மாதிரி தட்டையாகவும் இல்லை. இப்போது என்ன சொல்வீர்கள்?

சில்லறைப்பை:
ஆஹா அக்கா! இது டபுள் டையேதான் போல.

முத்தியால்பேட்டை_7:
காசு உள்ளேயே திரும்பி இரண்டாவது அடி வாங்கியிருக்கும்.

கெடிலக்கரை:
திரும்ப முடியாது. அந்தக் காசுக்குப் பதினொரு மூலை, காசு அடிபடும்போது சுற்றிப் பிடிக்கும் காலர் வளையத்துக்கும் பதினொரு மூலை. உட்கார்ந்த பிறகு ஒரு இழை கூடத் திரும்பாது, திரும்ப வேண்டுமானால் ஒரு மூலை தாண்டி முழுசாகத் திரும்ப வேண்டும். வட்டக் காசுக்குச் சொல்லலாம், இதற்குச் செல்லாது.

அம்மணி கேட்டது நல்ல கேள்வி. ஒரே மாதிரி இரண்டு காசு கிடைத்தால் ஸ்ட்ரைக் டபுளிங் கிட்டத்தட்டப் போய்விட்டது, குறை டையில்தான் இருக்கிறது. ஆனால் டையில் இருக்கும் குறை எல்லாம் டபுள் டை ஆகாது. மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான், தேய்மானம். டை லட்சக்கணக்கில் காசு அடிக்கும்போது, ஒவ்வொரு அடியிலும் காசின் உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடுகிற உலோகம் டையில் உள்ள எழுத்துப் பள்ளத்தின் கரையை அரித்துக்கொண்டே போகும். கரை அரித்தால் பள்ளம் அகலமாகும், காசில் எழுத்து தடிக்கும், ஓரத்தில் மங்கலாக இன்னொரு உருவம் கிளம்பும். பெரும்பாலும் விளிம்புப் பக்கம்தான். அந்த டையின் பிந்தைய காசுகள் எல்லாவற்றிலும் இது ஒரே மாதிரிதான் வரும். அதனால் இரண்டு காசு ஒத்துப்போவதை வைத்து மட்டும் டபுள் டை என்று முடிவு கட்டக் கூடாது. இதில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள், விற்கிறவர்களும் நல்ல எண்ணத்தோடேயே ஏமாற்றுகிறார்கள்.

காசின் தரையைப் பாருங்கள். எழுத்துகளுக்கு நடுவே வெறுமையாக இருக்கும் இடம் வழவழ என்று இருக்கிறதா, இல்லை ஆரஞ்சுப் பழத் தோல் போலச் சொரசொரப்பாக, மையத்திலிருந்து விளிம்புக்கு மெல்லிய கோடுகள் ஓடுகின்றனவா?

நெல்லிக்குப்பம்_கல்லா:
விளிம்பை ஒட்டிக் கோடுகள் இருக்கின்றன. ஆனால் புழங்கின காசு, தேய்மானம் எது, டைக் கோடு எது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எழுத்தின் இரண்டாவது உருவம் தெளிவாக இல்லை, புகை மாதிரி கரைந்து போகிறது என்பது உண்மை.

கெடிலக்கரை:
புகை மாதிரி என்றால் என் சந்தேகம் வலுக்கிறது. ஹப் விலகினால் இரண்டாவது உருவத்துக்கும் வெட்டினது போல ஓரம் இருக்கும். ஆனாலும் புழங்கின காசை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். இதை முடிவு செய்ய ஒரே வழி, அதே டை புதிதாக இருந்தபோது அடித்த காசு ஒன்றைப் பிடிப்பது. டபுள் டை பிறவிக் குறை, டை புதிதாக இருக்கும்போதுதான் இரட்டை மிகத் தெளிவாக இருக்கும், ஓட ஓட மங்கும். தேய்மானம் தலைகீழ், புதிய டையில் ஒன்றும் இருக்காது, ஓட ஓடக் கூடும்.

மரக்காணம்:
அதே டை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே வருடத்தில் ஒரே மிண்டில் எத்தனையோ டை ஓடியிருக்குமே.

கெடிலக்கரை:
டையில் விழுந்த கீறலை வைத்து. புழக்கத்தில் காசின் மேல் விழும் கீறல் பள்ளமாக இருக்கும். டையில் விழுந்த கீறலோ விரிசலோ காசில் மேடாக வரும், மயிரிழை போல ஒரு கோடு எழும்பி நிற்கும். நகத்தால் தடவினால் தெரியாது, பக்கவாட்டு விளக்கில் தெரியும். அம்மணி, உங்கள் இரண்டு காசிலும் பொதுவாக அப்படி ஏதாவது கோடு இருக்கிறதா?

நெல்லிக்குப்பம்_கல்லா:
இருக்கிறது! வரைபடத்தின் தென்முனைக்குக் கீழே ஆரம்பித்து விளிம்பு வரைக்கும் ஒரு மேட்டுக் கோடு. இரண்டிலும் அதே இடம். இத்தனை நாள் யாரோ கீறினது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, அந்த வருடத்துக் காசு இன்னும் சில டப்பாவில் கிடக்கும், தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.

பாகூர்_ஏரி:
இதற்குள் எனக்கு ஒரு வாட்ஸாப் செய்தி வந்தது. பழைய இரண்டு ரூபாய்க்கு ஐந்து லட்சம் தருகிறார்களாம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டுமாம், கீழே ரிசர்வ் வங்கி முத்திரை வேறு. போனில் நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கிறார்களா?

முத்தியால்பேட்டை_7:
அந்தக் கும்பலை நம்பவே நம்பாதீர்கள். 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது, எங்கள் பெயரையும் சின்னத்தையும் போட்டுப் பழைய நோட்டு, காசு வாங்க விற்கக் கட்டணம், கமிஷன், வரி என்று கேட்கிறார்கள், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று. வியாபாரி நானே சொல்கிறேன், காசை வாங்க வருகிறவன் உங்களிடம் ஏன் பணம் கேட்கிறான்?

சில்லறைப்பை:
இடையில் ஒரு சந்தேகம். இந்த டை விலகல் எல்லாம் பழைய முறைதானே, இரண்டு தடவை அழுத்தும் வரைக்கும்தானே? ஒரே அழுத்தில் முடிகிற மெஷின் வந்த பிறகு டபுள் டையே வராதுதானே?

மரக்காணம்:
அமெரிக்காவில் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரே அழுத்து முறைக்கு மாறினார்கள், அத்தோடு இது ஒழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒழியவில்லை, இடம் மாறியது. டை இரும்பின் முனை கூம்பாக இருக்கும், ஹப் முதலில் தொடுவது அந்த மையத்தைத்தான். டை கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து, அழுத்தம் ஏறியதும் படக்கென்று நேராகிவிட்டால், மையத்தில் மட்டும் சின்னதாக ஒரு இரட்டை. 2009 லிங்கன் சென்டில் மரத்துண்டின் மேல் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் சிறுவன் ஒரு டிசைன் உண்டு, அவன் கையில் கூடுதல் விரல் உள்ள காசுகள் பல ரகம் இருக்கின்றன. அதனால் புதுக் காசு என்றால் ஆண்டு எண்ணை விட்டுவிட்டு நடுப் பகுதியைப் பாருங்கள்.

நெல்லிக்குப்பம்_கல்லா:
கிடைத்துவிட்டது. டப்பாவில் அதே வருடம், அதே மிண்ட், அதே மேட்டுக் கோடு, ஆனால் இந்தக் காசில் கோடு விளிம்பு வரைக்கும் போகவில்லை, பாதியிலேயே நிற்கிறது. தரை வழவழ என்று இருக்கிறது. எழுத்துகள் ஒற்றையாக இருக்கின்றன. கடைசி இரண்டு எழுத்தில் மட்டும் லேசாக, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு. மூன்றையும் வரிசையாக வைத்துப் படம் போட்டிருக்கிறேன், டேபிள் விளக்கில், ஒரே கோணத்தில்.

கெடிலக்கரை:
அழகான படம். விரிசல் சின்னதாக இருப்பதால் இது முந்தைய காசு, அதில் இரட்டை இல்லை. விரிசல் நீளமாகும்போது இரட்டையும் வளர்கிறது. தேய்மானம்தான், இனி சந்தேகமே இல்லை.

சில்லறைப்பை:
ச்சே. நான் டபுள் டை என்று எதிர்பார்த்தேன்.

நெல்லிக்குப்பம்_கல்லா:
சரி, அப்போது மூன்றும் திரும்பக் கல்லாவுக்கு. நாளைக்குப் பால் பாக்கெட் வாங்க வருகிறவருக்கு மீதி கொடுத்துவிடுகிறேன்.

கெடிலக்கரை:
அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரே டையின் மூன்று நிலை, விரிசலோடு சேர்ந்து, யாரும் வரிசையாக வைத்திருக்க மாட்டார்கள். விலைக்கு ஆகாது, ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட இதைவிட நல்லது கிடையாது. தனித்தனிக் கவரில் போட்டு, எது முதல், எது கடைசி என்று எழுதி வையுங்கள்.

சில்லறைப்பை:
அக்கா, மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆறு ரூபாய் தருகிறேன்.

நெல்லிக்குப்பம்_கல்லா:
உனக்கு ஒரு ரூபாய் காசே 350 ஆயிற்றே தம்பி, இரண்டு ரூபாய்க்குக் கணக்குப் போட்டுச் சொல்.